காதர் பாய் பன்னிரண்டு பேப்பரோடு வருகிறார்

ஜன்னலுக்கு உள்பக்கம், மேஜைமேல் என் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'பெ. டில்லிபாபு' என்று பெயரும் எழுதியிருந்தது. லேபிளில் 'வகுப்பு' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'காலை ஷிப்ட்'.

நான் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் அட்டை போட்டதில்லை. அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி பக்கத்து ஜன்னலில் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. மூன்றாவது பிரதி, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான்காவதைக் காணவே காணோம்.

இடம், திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டு. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டருக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று ஊரே பயந்து, ஒன்றும் ஆகாமல் போய், கொஞ்ச நாள் ஆகியிருந்தது. காலை பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு பக்கமிருந்து டீசல் வாசனை, இன்னொரு பக்கமிருந்து கடல் உப்பு. வெளியே டிரெய்லர் லாரிகள் எர்ணாவூர் வரைக்கும் வரிசை கட்டி நின்றன.

"நீதான் இந்த புக்க எழுதினதா எக்கா?" என்று கேட்டார் டில்லிபாபு. கேட்டு கிளார்க். முப்பது வயது இருக்கும். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர், ஆனாலும் எக்கா என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தில் மரியாதைக்கு வயது பார்ப்பதில்லை.

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பதினாலாம் பக்கம் எட்து பாரு."

நான் புரட்டுவதற்குள் அவரே ஒப்பித்தார். "'பேப்பர் கைக்கு வந்தவுடன் எல்லா விவரங்களையும் பதிவு செய்து, கேட் இன் பட்டனை அழுத்தவும்.' இதானே போட்டுகீறே? நானும் இத்தத்தானே செஞ்சிகினு கீறேன்? அப்பால ஏன் சாயங்காலம் ஆனா என் ஷிப்ட்டு மட்டும் செவப்பா வருது?"

புத்தகம் புரியாத ஒரு ஆளுக்குப் புரியவைக்கச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். வந்து பார்த்தால், அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு மண்ணடி ஆபீஸ் பழக்கம். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை ஒன்றுக்கு மேலே, கைப்பிடி இல்லாத படியேறிப் போனால் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. ஒன்பது பேர், ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. அந்த ஏ.சி.யும் கம்ப்யூட்டர்களுக்காக வாங்கியது. நாங்கள் ஓசியில் அனுபவித்தோம்.

மற்ற எட்டு பேரும் புரோகிராம் எழுதுகிறவர்கள். நான் பி.ஏ. படித்துவிட்டு, அந்தப் புரோகிராமை எப்படி உபயோகிப்பது என்று புத்தகம் எழுதுகிறவள். ராயபுரத்தில் எங்கள் தெருவில் "பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன வேலை என்று துருவினால் மட்டும் "ஏதோ எழுதற வேலை" என்பாள். அதோடு மரியாதை ஒரு படி இறங்கிவிடும்.

யார்டு வேலை எங்களுக்குப் பெரிய விஷயம். சரக்கு ஏற்றிய பெட்டிகள் லாரியில் வரும். கப்பல் வரும்வரை யார்டில் அடுக்கி வைப்பார்கள். பேப்பரில் இருக்கும் பெட்டி நம்பர், வண்டி நம்பர், சீல் நம்பர் எல்லாம் சரியா என்று பார்த்து வண்டியை உள்ளே விடுவது கேட்டு கிளார்க்கின் வேலை. அதுவரை பெரிய நோட்டில் எழுதினார்கள், இனிமேல் கம்ப்யூட்டர். 'கேட் இன்' பட்டனைத் தட்டினால் உள்ளே கிரேன்காரருக்குச் சீட்டு அடித்துப் போகும். அவர் கிரேனைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் தயாராக நிற்பார். லாரி வந்து சேரத் தாமதமானால், பட்டனைத் தட்டிய கிளார்க்கின் ஷிப்ட் சாயங்கால ரிப்போர்ட்டில் சிவப்பாக வரும்.

இதற்கு நான் மேன்யுவல் எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு கட்டையைத் தட்ட வேண்டிய ஒரு தமிழ் எழுத்துருவில், ஒரு பட்டன் விடாமல், ஒரு கட்டம் விடாமல், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முடித்த அன்று ஆபீஸில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். இந்தப் புத்தகத்தில் இல்லாத பட்டன் திரையில் இருந்தால் காட்டுங்கள் பார்க்கலாம் என்று சவால் வேறு விட்டேன். தலைகால் புரியாத கர்வம்.

கேட்டில் அப்போது நான்கு கிளார்க்குகள். கம்ப்யூட்டர் வந்தபிறகு இரண்டு நாற்காலிதான் என்று யார்டு மேனேஜர் சொல்லிவிட்டார். சோதனைக் காலம் முடிந்ததும் தலைமை ஆபீஸிலிருந்து வந்து பார்ப்பார்கள். இரண்டு பேரை நிரந்தரமாக்குவார்கள். மற்ற இருவரும் வேறு பிழைப்புத் தேடிக்கொள்ள வேண்டியதுதான். நான்கு பேரில் சிவப்பாக வந்தது டில்லிபாபுவின் ஷிப்ட் மட்டும். "அந்தாளுக்குக் கம்ப்யூட்டர் மண்டையில ஏறல" என்று மேனேஜர் எங்கள் முதலாளி பிரபாகர் சாருக்குப் போன் போட்டார். அப்படித்தான் நான் பஸ் பிடித்து வந்து ஜன்னல் முன்னால் நின்றேன்.

"ஆறு வருசமா டெம்ப்ரவரி எக்கா" என்றார் டில்லிபாபு. அவருக்கு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. "பொண்ணு மூணாவது படிக்குது. ஸ்கூல்ல ஒரு ஃபாரம் குட்துகீறாங்கோ. அப்பா இன்னா வேலைன்னு அதுல ஒரு எடம் கீது. இன்னா எழுதறதுன்னு கேக்குது. இப்போதிக்கு வுட்டு வைம்மா, அப்பால எழுதிக்கலாம்னு சொல்லிகீறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சமோசா ஞாபகம் வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பால் பொங்கினா இன்னா பண்ணுவே?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தார். குமிழ் என்றால் எது, பர்னர் என்றால் எது, ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் காலையில் பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வையே பற்றவைத்தாள்.

ஒரு வாரம் இப்படியே ஓடியது. புது அடுப்பு மஞ்சள் குங்குமத்தோடு மூலையில் சும்மா இருந்தது. அப்பாவுக்குக் கோபமான கோபம். அம்மாவோ பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை, அடுப்பைத் தொடவும் இல்லை.

பக்கத்துப் போர்ஷன் மேரியம்மாதான் வந்து உட்கார்ந்தார். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே கேஸ் இருந்தது.

"இத்தப் பாரு. பால் பொங்கி நெருப்பு அணைஞ்சி பூட்ச்சின்னு வெச்சிக்கோ. இன்னா பண்ணுவே?"

"தெரியாதே" என்றாள் அம்மா.

"மொதல்ல இத்த திருப்பி மூடு. ஜன்னலத் தொற. கொஞ்ச நேரம் தீக்குச்சி கிட்டயே போவாத. அவ்ளோதான். சரி, கொழம்பு பாதி கொதிக்கறப்ப கேஸ் தீந்து பூட்ச்சின்னு வெச்சிக்கோ. சரி, இந்த வாலு வந்து திருகி வுட்டுச்சின்னு வெச்சிக்கோ." வாலு என்றது என்னை.

மூன்றே மூன்று 'வெச்சிக்கோ'. அன்று சாயங்காலம் அம்மா கேஸில் காபி போட்டாள். அப்பா காபியைக் குடித்தார், ஆனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புத்தகத்தை அவர் அவ்வளவு நன்றாகப் படித்துக் காட்டியிருந்தார்.

நான் அப்பா பெண். வளர்ந்ததும் அப்பா மாதிரியே குமிழ், பர்னர், ரெகுலேட்டர் என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்குப் புத்தகம் எழுதிவைத்தேன். மேரியம்மா ஞாபகத்துக்கே வரவில்லை.

மூலை மடித்த பேப்பர்

கேட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் நாள் பத்தரை மணிக்கு ஒரு மொபெட் வந்தது. ஹேண்டிலில் மஞ்சப்பை. ஓட்டி வந்தவர் காதர் பாய். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது உடைந்து நூல் கட்டியிருந்தார். மஞ்சப்பையிலிருந்து பன்னிரண்டு பேப்பரை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு லாரியும் இல்லை.

"வண்டி எங்கே?" என்று கேட்டேன்.

"வண்டியா? எர்ணாவூராண்ட நின்னுகினு கீது" என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல்.

அப்போதெல்லாம் டிரைவர்கள் கையில் செல்போன் கிடையாது. வண்டியை வரிசையில் விட்டுவிட்டு இறங்கி வரவும் முடியாது. அதனால் காதர் பாய் வரிசை நெடுக மொபெட்டில் போய்ப் பேப்பர்களை வாங்கிக்கொண்டு முன்னால் வந்துவிடுவார். பேப்பரில் தப்பு இருந்தால் வண்டி கேட்டுக்கு வருவதற்குள் திருத்தி வாங்கிவிடலாம். இது வருஷக்கணக்கான ஏற்பாடு. சில பேப்பர்களில் வலது மூலையை மடித்திருந்தார். அப்படியென்றால் டிரைவர் சீட்டில் இல்லை, சாப்பிடவோ குளிக்கவோ போயிருக்கிறார், இந்த வண்டி பிந்தும் என்று அர்த்தம்.

டில்லிபாபு பன்னிரண்டையும் வாங்கினார். கைக்கு வந்தவுடன் பதிவு செய்யவும் என்றுதானே நான் எழுதியிருக்கிறேன்? ஒன்றுவிடாமல் பதிவு செய்தார், பன்னிரண்டு முறை 'கேட் இன்' அழுத்தினார். உள்ளே கிரேன்காரருக்குப் பன்னிரண்டு சீட்டு போனது. அந்த மனிதர் கிரேனை நகர்த்திக்கொண்டுபோய் வராத லாரிக்காகக் காத்து நின்றார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் அவர் பேசிய பாஷையை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

பக்கத்து ஜன்னல் கிளார்க்கிடம் போய் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் டீ கிளாஸைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "நாங்க எங்க மேடம் படிச்சோம்? வண்டி மூஞ்சி தெரியற வரிக்கும் பேப்பர கிளிப்ல மாட்டி வெச்சிருவோம்."

ஆக, என் புத்தகத்தைப் படிக்காத மூன்று பேர் தப்பித்துவிட்டார்கள். படித்து, அட்டை போட்டு, மனப்பாடம் செய்தவர் மாட்டிக்கொண்டார்.

இதைவிட மானக்கேடு எண்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. 'அட்வான்ஸ் என்ட்ரி' என்று ஒரு திரை. வண்டி வருவதற்கு முன்பே பேப்பர் விவரங்களைப் போட்டுவைக்கலாம், வண்டி வந்ததும் ஒரே தட்டு. காதர் பாய்க்கென்றே செய்ததுபோல இருந்தது. அதிலிருக்கும் ஏழு கட்டத்தையும் நான் விலாவாரியாக விளக்கியிருந்தேன். அதை எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. எனக்கே தெரியாது. புரோகிராம் எழுதியவரைக் கேட்டபோது, "யாரோ கேட்டாங்க, போட்டோம்" என்றார்.

மூன்றாம் நாள் டில்லிபாபுவிடம் சொல்லிவிட்டேன். "தப்பு உங்க மேல இல்லை. அந்த வரி தப்பு. நான் எழுதினது தப்பு."

அவர் பிரவுன் அட்டையைத் துடைத்து மேஜைமேல் நேராக வைத்தார். "அச்சுல வந்தது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல எக்கா" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேன்யுவலா, தொடர்கதையா?

பதினாலாம் பக்கத்து வரியை மாற்றிவிட்டால் போதும் என்றார் பிரபாகர் சார். போதாது என்றேன். மூன்று நாளில் நான் குறித்துவைத்ததே ஒன்பது விவகாரம். பேப்பர் வந்து வண்டி வராதது ஒன்று. வண்டி வந்து பேப்பர் வராதது ஒன்று. ஒரே வண்டியில் இரண்டு சின்னப் பெட்டி வந்து, ஒன்றுக்கு மட்டும் பேப்பர் இருப்பது ஒன்று. இதையெல்லாம் கதையாகத்தான் எழுத முடியும். இன்னார் இப்படி வந்து நிற்கிறார், இப்போது நீ எந்தத் திரையைத் திறப்பாய், எதைத் தட்டுவாய் என்று.

"இது மேன்யுவலா, வாரப் பத்திரிகைத் தொடர்கதையா?" என்று கத்தினார். இன்றைக்கு நான் எங்கே என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் பார்த்தால் சிரிப்பார்.

இன்னொன்றும் கேட்டேன். தப்பு மேன்யுவலில்தான் என்று யார்டு மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடலாமே என்று. "நாம செஞ்சது தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, அடுத்த வேலை யாரும்மா கொடுப்பாங்க?" என்றார். கதைக்கு மட்டும் அரைமனதாகச் சம்மதித்தார். இருபது பக்கத்துக்கு மேல் போகக்கூடாது.

முதல் கதையை ஆபீஸில் உட்கார்ந்தே எழுதினேன். 'ஓட்டுநர் குமார் புன்னகையுடன் வணக்கம் கூறி ஆவணங்களை அளிக்கிறார்' என்று ஆரம்பித்தது. கேட்டில் அதைப் படித்துக் காட்டினேன். டில்லிபாபு வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே நின்றிருந்த ஒரு டிரைவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "எக்கா, ரெண்டு நாளு லைன்ல நின்னுட்டு வர்றவன் எவன் வணக்கம் சொல்லுவான்?" என்று கேட்டார். கிழித்துப் போட்டேன்.

பிறகு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, இருக்கிற ஆட்களை வைத்தே எழுதினேன். பெயர் போட அவரவரிடம் அனுமதி வாங்கினேன். விஷயம் வரிசையில் பரவிவிட்டது. "என் மேட்டரையும் போடு எக்கா, போன வாரம் சீலு அறுந்து பூட்ச்சி, பேஜாராப் பூட்ச்சி" என்று டிரைவர்கள் தேடி வந்தார்கள். புத்தகத்தில் பெயர் வருவதென்றால் சும்மாவா?

காதர் பாய் மட்டும் கோபித்துக்கொண்டார். 'சில சமயம் பேப்பர்கள் வரிசை மாறியிருக்கலாம்' என்று எழுதியிருந்தேன்.

"என் கையாலயா? வரிசை மாறிச்சா? எப்பம்மா மாறிச்சு, ஒரு நாள் சொல்லு" என்றார். கண்ணாடி நூல் அறுந்துவிடும் போலிருந்தது. அந்த வரியை அவர் கண்ணெதிரே அடித்தேன். அதற்குப் பிறகுதான் நான் வாங்கிக் கொடுத்த டீயைத் தொட்டார்.

தலைப்பில் 'நிலைமை 1', 'நிலைமை 2' என்று போட்டேன். மேரியம்மாவின் கதையை டில்லிபாபுவிடம் சொல்லித் தொலைத்திருந்ததால், கேட்டில் எல்லோரும் அதை 'வெச்சிக்கோ' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். "மாமு, அந்த ரெண்டாவது வெச்சிக்கோவ எடு." நாலாவது இப்படி இருந்தது:

'நிலைமை 4: காதர் பாய் பன்னிரண்டு பேப்பரோடு வருகிறார். வண்டிகள் இன்னும் எர்ணாவூரில் நிற்கின்றன. மூன்று பேப்பரில் மூலை மடித்திருக்கிறது. கேட் இன் பட்டனைத் தொட வேண்டாம். அட்வான்ஸ் என்ட்ரி திரையைத் திறந்து, மடிக்காத ஒன்பதை முதலிலும், மடித்த மூன்றைக் கடைசியிலும் போடவும். தப்புள்ள பேப்பரை உடனே காதர் பாயிடம் திருப்பிக் கொடுக்கவும். எந்த வண்டியின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொடுகிறதோ, அந்த வண்டிக்கு மட்டும் கேட் இன் அழுத்தவும்.'

மண்ணடியில் ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்யக் கொடுத்தேன். புத்தகம் ரொம்ப ஒல்லியாக இருக்கிறது, பார்வைக்கு நன்றாக இருக்காது என்று கடைக்காரர் தானாகவே பின்னால் நான்கு வெள்ளைத் தாள் சேர்த்துத் தைத்துவிட்டார். காகிதம் வீண் என்று அவரிடம் சண்டை போட்டேன்.

டில்லிபாபு அதற்கும் அட்டை போட்டார். மறுநாளிலிருந்து அவர் ஷிப்டில் சிவப்பு இல்லை. கிரேன்காரர் மைக்கில் பாட்டு முணுமுணுத்தார் என்று கேள்வி.

வெள்ளைக் கார்

தலைமை ஆபீஸிலிருந்து வந்தார்கள். வெள்ளைக் கார், இரண்டு பேர். ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்தார். இன்னொருவர் தலைநரைத்த அதிகாரி, கையில் மூன்று மாத ரிப்போர்ட். மேனேஜர் அவருக்கு ஒரு பக்கம், பிரபாகர் சாரும் நானும் இன்னொரு பக்கம்.

டில்லிபாபு இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். அதில் முதுகு முழுக்க வேர்வை.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். "ரெண்டரை மாசம் ஒரே சிவப்பு. கடைசிப் பதினஞ்சு நாள் மட்டும் சுத்தம். நாங்க வர்றோம்னு தெரிஞ்சு இவருக்குப் பதிலா வேற யாராவது என்ட்ரி போட்டாங்களா?"

மேனேஜர் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். புத்தகம்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிக்கலாம், ஆனால் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், அந்த ரெண்டரை மாசத் தப்பு என்னோடது" என்றேன். பிரபாகர் சார் இருமினார். நான் நிறுத்தவில்லை. பதினாலாம் பக்கத்தைக் காட்டினேன், பன்னிரண்டு பேப்பரைச் சொன்னேன், மற்ற மூன்று பேர் படிக்காததால் தப்பித்ததையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம், வாய் நிற்கவில்லை.

அதிகாரி பிரவுன் அட்டையைத் தடவிப் பார்த்தார். "அப்போ கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கிறபடி வேலை செஞ்ச ஒரே ஆள் இவர்தானா?"

யாரும் பதில் சொல்வதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. ஒரு லாரியின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டிருந்தது. டில்லிபாபு வண்டி நம்பரைத் தட்டினார். திரையில் சிவப்புக் கட்டம் வந்தது: நம்பர் பொருந்தவில்லை.

டிரைவர் குதித்து இறங்கினார். "வண்டி எஞ்சின் மக்கர் பண்ணிடுச்சி நைனா. பின்னாடி பொட்டியோட டிரெய்லர கழட்டி, தோஸ்து வண்டில மாட்டி இஸ்துகினு வந்தோம்." அதாவது பெட்டி அதேதான், இழுத்து வந்த முன்வண்டி வேறு. பேப்பரில் இருப்பது பழைய வண்டியின் நம்பர்.

இது என் ஒன்பது நிலைமையில் இல்லை. அதிகாரி ஜன்னல் பக்கம் நகர்ந்து வந்து நின்றார்.

டில்லிபாபு புத்தகத்தை எடுத்தார், புரட்டினார், மூடிவைத்தார். எழுந்து வெளியே போய்ப் பெட்டி நம்பரைப் பார்த்தார், சீலைக் கையால் பிடித்துப் பார்த்தார். இரண்டும் சரி. திரும்பி வந்து அந்த ஒரு பதிவை மட்டும் ரத்து செய்தார். புது வண்டி நம்பரோடு மறுபடி போட்டார். குறிப்புக் கட்டத்தில் பழைய நம்பரையும் காரணத்தையும் தட்டினார். 'கேட் இன்'. பச்சை வந்தது. லாரி உறுமிக்கொண்டு உள்ளே போனது.

அதோடு விடவில்லை. பேனாவைத் திறந்து, புத்தகத்தின் பின்னால், நான் வீண் என்று சண்டை போட்ட வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தார்.

"என்ன எழுதறீங்க?" என்றார் அதிகாரி.

"பத்தாவது வெச்சிக்கோ சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நிலைமை சார். இது புக்குல இல்ல. நாளைக்கி இந்த சீட்ல எவன் குந்துறானோ, அவனுக்கு வோணும்ல?"

கடைசித் தாள்கள்

இரண்டு வாரம் கழித்து மண்ணடி ஆபீஸுக்குப் போன் வந்தது. "எக்கா, ஃபாரத்துல எழுதியாச்சி" என்றது குரல். எனக்கு முதலில் புரியவில்லை. "அப்பா வேலைன்ற எடத்துல. கேட்டு கிளார்க்குன்னு, பொண்ணே எழுதிச்சி." நான் அழுதேன். பிரபாகர் சார் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். சமோசா வாங்கிக் கொடுத்தேன், இந்தத் தடவை நியாயமாக.

சில வருஷம் போய், அதே யார்டுக்குப் புதுப் புரோகிராம் போடப்போகிறோம் என்று மறுபடி அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். டிரைவர்கள் எல்லோர் கையிலும் செல்போன் வந்திருந்தது. காதர் பாய்க்குப் பேப்பர் வேலை போய்விட்டது. அதற்காக அவர் ஒன்றும் முடங்கிவிடவில்லை. கேட்டுக்கு எதிரே குடை விரித்து, அதே டிரைவர்களுக்கு ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருந்தார். கண்ணாடி புதுசு.

டில்லிபாபுவுக்குத் தொப்பை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் புத்தகத்தைத் தூக்கி என் கையில் வைத்தார். அட்டை எத்தனையாவதோ தெரியவில்லை. என் இருபது பக்கம் அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் அதைவிடத் தடிமனாகக் கையெழுத்துத் தாள்கள் சேர்த்துத் தைத்திருந்தார்கள். "இதுலேர்ந்து எழுது எக்கா, ஆபீஸ்ல குந்திகினு எழுதாத" என்றார்.

புரட்டினேன். மழைத் தண்ணீரில் பேப்பர் நனைந்த நிலைமை, கரண்ட் போன நிலைமை, ஒரே நம்பரில் இரண்டு பெட்டி வந்த நிலைமை. முப்பத்தொன்றாவதில் நின்றுவிட்டேன். டில்லிபாபுவின் கையெழுத்து.

'நிலைமை 31: புத்தகம் எழுதும் எக்கா கேட்டுக்கு வருகிறார். பேப்பரும் இருக்காது, வண்டியும் இருக்காது. நம்பர் கேட்காமல் உள்ளே விடவும். ஃபேனுக்கு நேராக ஸ்டூல் போடவும். கேள்வி நிறையக் கேட்பார். எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்ல வேண்டாம், எங்கே மாட்டிக்கொண்டோம் என்று சொல்லவும். தப்பு அவருடையது என்றால் பெரிய ஆபீசர் எதிரிலேயே ஒத்துக்கொள்வார். அதனால் டீ நம் கணக்கு.'

அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.